காட்டுக்குள் இறங்குமுன்: வன்னியில் கையடக்க ஜி.பி.எஸ். கருவியைப் பயன்படுத்தும் முறை

இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் வழி தவறுவதற்கு நாட்கணக்காக நடக்க வேண்டியதில்லை. ஒட்டுசுட்டானிலிருந்தோ நெடுங்கேணியிலிருந்தோ ஒரு மாட்டுத் தடத்தைப் பிடித்து அரை மணித்தியாலம் உள்ளே போனால் போதும். பாலையும் வீரையும் முதிரையுமாக மரங்கள் நான்கு பக்கமும் ஒன்றுபோல நிற்க, வந்த வாசல் எது என்ற ஐயம் வந்துவிடும். மலைநாட்டில் ஒரு சிகரத்தைப் பார்த்துத் திசை பிடிக்கலாம். இங்கே நிலம் தட்டை. ஏறி நின்று பார்ப்பதற்கு ஒரு குன்றும் அகப்படாது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்பதால், நண்பகலில் நமது நிழல்கூடக் காலடியிலேயே கிடக்குமேயன்றித் திசை சொல்லாது.

தேனெடுக்கவும் மாடு தேடவும் காட்டுக்குப் போகும் பெரியவர்கள் புற்றையும் மரத்தையும் நீரோடையையும் அடையாளமாக வைத்து நடக்கிறார்கள். அந்தப் பழக்கம் இல்லாத நாங்கள், குளங்களையும் பறவைகளையும் பார்க்கவோ பழைய ஊர்களைத் தேடிப் போகவோ விரும்பினால், கையடக்க ஜி.பி.எஸ். கருவி நல்ல துணை. ஆனால் அது நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதை மட்டுமே சொல்லும். அங்கிருந்து எந்தப் பக்கம் கால் வைக்கலாம் என்பதைச் சொல்லாது. முதன்முதலாகக் கருவியைக் கையில் எடுப்பவர் இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு கீழே உள்ள படிகளைப் படிப்பது நல்லது.

கருவி எப்படி இடத்தை அறிகிறது

ஜி.பி.எஸ். செய்மதிகள் ஏறக்குறைய 20,200 கிலோமீற்றர் உயரத்தில், நாளொன்றுக்கு இரண்டு தடவை பூமியைச் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றும் தான் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் இடைவிடாது வானொலி அலையாக அனுப்புகிறது. அந்த அலை வந்து சேர எடுத்த நேரத்தைக் கணக்கிட்டுக் கருவி தூரத்தை அறிகிறது. ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் தூரத்தில் 300 மீற்றர் பிழைத்துவிடும். கருவிக்குள் இருக்கும் மலிவான கடிகாரமோ அவ்வளவு துல்லியமானதன்று. ஆகையால் அகலாங்கு, நெட்டாங்கு, உயரம் என்ற மூன்றோடு கடிகாரப் பிழையையும் சேர்த்து நான்கையும் கண்டுபிடிக்கக் குறைந்தது நான்கு செய்மதிகள் தேவைப்படுகின்றன. இன்றைய கருவிகள் பல ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ ஆகியவற்றின் செய்மதிகளையும் சேர்த்துப் பிடிப்பதால் மரங்களுக்கிடையே முன்னையிலும் நன்றாக வேலை செய்கின்றன.

கருவி அலைகளை வாங்குகிறதேயன்றி எதையும் அனுப்புவதில்லை. எனவே சிம் அட்டையோ மாதக் கட்டணமோ தேவையில்லை. கைத்தொலைபேசிச் சிக்னல் இல்லாத இடத்திலும் அது இயங்கும். நீங்கள் தொலைந்துபோனால் அதைக் கொண்டு வேறொருவர் உங்களைக் கண்டுபிடிக்க முடியாது என்பதும் இதற்குள் அடங்கியிருக்கிறது. பலர் இதை மாற்றி நினைத்துக்கொண்டு காட்டுக்குப் போகிறார்கள்.

கைத்தொலைபேசியிலும் ஜி.பி.எஸ். இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தால் அதுவும் வழி காட்டும். ஆனால் வெயிலில் திரை தெரியாது, வியர்வைக் கையால் தொட்டால் கேளாது, பின்னேரம் ஆகுமுன் பற்றரி இறங்கிவிடும். தொலைபேசியை அணைத்துப் பையில் வைத்து, உதவி கேட்பதற்காகச் சேமித்து வைப்பதே என் வழக்கம்.

வாங்கும்போது

ஏஏ அளவுப் பற்றரி இரண்டில் இயங்கும் கருவியை வாங்குங்கள். கடையில் கிடைக்கும் பற்றரியை மாற்றிப் போட்டுக்கொண்டு தொடர்ந்து நடக்கலாம் என்பது, மின்சாரம் எட்டாத இடத்தில் இரவு தங்கியவருக்குத்தான் அருமை தெரியும். கார்மின் நிறுவனத்தின் இட்ரெக்ஸ் வரிசை இதற்கு எடுத்துக்காட்டு: 10 என்ற மாதிரியில் விரிவான வரைபடம் இல்லை, 22எக்ஸ் வரைபடத்தை ஏற்கும், 32எக்ஸ் மாதிரியில் மின்னணுத் திசைகாட்டியும் காற்றழுத்த உயரமானியும் கூடுதலாக உண்டு. வன்னியின் தட்டையான நிலத்தில் உயரமானிக்குப் பெரிய வேலையில்லை. திசைகாட்டி உள்ளதா இல்லையா என்பது மட்டும் முக்கியம். அது இல்லாத கருவி, நீங்கள் நடக்கும்போது இடம் மாறுவதைக் கொண்டே திசையைக் கணிக்கிறது. நின்ற இடத்தில் நின்று சுற்றிப் பார்த்தால் அம்புக்குறி பழைய பக்கத்தையே காட்டிக்கொண்டிருக்கும். அல்லது தாறுமாறாகச் சுழலும். அத்தகைய கருவியை வைத்திருப்பவர் பத்து இருபது அடி நேராக நடந்த பிறகே அம்பை நம்ப வேண்டும். திசைகாட்டி உள்ள கருவியைப் பற்றரி மாற்றிய பின் திரையில் காட்டும்படி மூன்று விதமாகச் சுழற்றிச் சரிசெய்ய வேண்டும். எது வாங்கினாலும் ஒரு சாதாரண காந்தத் திசைகாட்டியையும் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதற்படி: முற்றத்தில் வைத்துப் பழகுதல்

புதிய கருவியைக் காட்டின் விளிம்பில் முதன்முதலாக உயிர்ப்பிக்காதீர்கள். வீட்டு முற்றத்தில், கூரைக்கும் மாமரத்துக்கும் வெளியே, வானம் நன்றாகத் தெரியும் இடத்தில் வைத்து இயக்குங்கள். வேறு நாட்டிலிருந்து வந்த கருவி, எந்தச் செய்மதி எங்கே இருக்கும் என்ற அட்டவணையைப் புதிதாகப் பெற வேண்டியிருக்கலாம்; அந்த முழுத் தகவலையும் செய்மதி ஒரு தடவை அனுப்பி முடிக்க 12.5 நிமிடம் ஆகும். ஆகவே கால் மணித்தியாலம் அசையாமல் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கலாம். அடுத்த தடவை ஒரு நிமிடத்துக்குள் இடம் பிடித்துவிடும்.

பிறகு செற்றிங் பகுதிக்குள் சென்று நான்கு விடயங்களைப் பாருங்கள். நேரம் இலங்கை நேரமாக இருக்க வேண்டும். தூரம் கிலோமீற்றரில் இருக்க வேண்டும். போட்டிருக்கும் பற்றரியின் வகையைக் குறிப்பிட வேண்டும். மின்னேற்றும் பற்றரிக்கும் சாதாரண அல்கலைன் பற்றரிக்கும் மின்னழுத்தம் வேறு என்பதால், வகை மாறியிருந்தால் மீதி எவ்வளவு என்று திரை காட்டும் அளவு பொய்யாகிவிடும். நான்காவது, ஆள்கூறு, அதாவது இடத்தைக் குறிக்கும் அகலாங்கு நெட்டாங்கு எண்கள், எழுதப்படும் முறை. இதில்தான் ஆட்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஆதலால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஒரே இடத்தை மூன்று விதமாக எழுதலாம். பாகையை மட்டும் தசமத்தில் எழுதுவது ஒன்று. பாகையும் தசமக் கலையுமாக எழுதுவது இன்னொன்று. பாகை, கலை, விகலை என்று பிரித்து எழுதுவது மூன்றாவது. உங்கள் கருவி 9 பாகை 18.30 கலை என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். தொலைபேசியில் அதைக் கேட்டவர் 9 பாகை 18 கலை 30 விகலை என்று எழுதிக்கொண்டால், 12 விகலை வித்தியாசம் வந்துவிடும். ஒரு விகலை தெற்கு வடக்காக ஏறக்குறைய 31 மீற்றர். எனவே அவர் உங்களை 370 மீற்றர் தள்ளித் தேடுவார். அவரே அதை 9.1830 பாகை என்று கைத்தொலைபேசியில் தட்டியிருந்தால் பிழை 13 கிலோமீற்றரைத் தாண்டும். நீங்கள் ஒரு குளத்தடியில் நிற்க, அவர் வேறொரு பிரதேச செயலகப் பிரிவுக்குப் போய் நிற்பார். கூட்டாகப் போகிறவர்கள் எல்லோரும் ஒரே முறையை வைத்துக்கொள்ளுங்கள். தசமப் பாகையைத் தொலைபேசி வரைபடங்களும் நேரே ஏற்பதால் தொடங்குபவர்களுக்கு அதுவே வசதி.

எண் சரியா என்று பார்க்க ஒரு சுருக்கமான வழி உண்டு. வன்னிப் பெருநிலத்தில் எங்கு நின்றாலும் வடக்கு அகலாங்கு 8 அல்லது 9 பாகையில் தொடங்கும். கிழக்கு நெட்டாங்கு ஏறக்குறைய எல்லா இடத்திலும் 80 பாகையில் தொடங்கும், மன்னார்க் கரைப்பக்கம் மட்டும் 79 வரும். வேறெதுவும் காட்டினால் செற்றிங்கில் ஏதோ பிழை.

நில அளவைத் திணைக்களத்தின் இடவிளக்கப்படத்தோடு சேர்த்துப் பயன்படுத்துபவருக்கு இன்னொரு குறிப்பு. கருவி வழமையாக டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற தளத்தில், அதாவது ஆள்கூற்றை அளக்கும் அடிப்படையில், இயங்குகிறது. இலங்கையின் பழைய வரைபடங்கள் கண்டவல என்ற வேறொரு தளத்தைக் கொண்டு வரையப்பட்டவை. ஒன்றில் எடுத்த எண்ணை மற்றதில் அப்படியே வைத்தால் இரண்டு நூறு மீற்றருக்கு மேல் விலகும். காட்டில் அது ஒரு ஓடையின் இக்கரைக்கும் அக்கரைக்கும் உள்ள வித்தியாசம். 1:50,000 தாளில் 2 சென்ரிமீற்றர் ஒரு கிலோமீற்றர் என்பதை நினைவில் வைத்தால், கருவி காட்டும் தூரத்தைத் தாளில் விரலால் அளந்துகொள்ளலாம்.

இரண்டாம் படி: வரைபடம்

ஓப்பன் ஸ்ட்ரீட் மப் என்ற பொது வரைபடத்திலிருந்து செய்யப்பட்ட இலங்கை வரைபடத்தை இலவசமாக எடுத்து, சிறிய நினைவக அட்டையில் பதிந்து கருவியில் போடலாம். ஏ-9 வீதியும் பெருங்குளங்களும் ஆறுகளும் அதில் நன்றாகவே இருக்கின்றன. காட்டுப் பாதைகளைப் பொறுத்தவரை அதை முழுமையாக நம்பாதீர்கள். இடம்பெயர்வுக் காலத்தில் ஆளற்றுப்போன சில பாதைகள் திரையில் இன்னும் கோடாக ஓடுகின்றன. நிலத்தில் பற்றை மூடிக் கிடக்கின்றன. மறுபுறம், உழவு இயந்திரம் போகும் நல்ல தடம் வரைபடத்தில் இல்லாமலும் இருக்கும். புறப்படுமுன் அந்த ஊரவர் ஒருவரிடம் பாதையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காட்டோரக் கிராமத்தில் அதைக் கேட்டால் பாதையோடு சேர்த்து யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதையும் சொல்லிவிடுவார்கள்.

மூன்றாம் படி: புறப்படும் இடத்தைக் குறித்தல்

மோட்டார் சைக்கிளை நிறுத்தியதும், தண்ணீர்ப் போத்தலை எடுக்குமுன்னரே, அந்த இடத்தைக் குறியுங்கள். பெரும்பாலான கருவிகளில் ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் மார்க் வேபொயின்ற் என்ற திரை வரும். திரையில் காட்டும் துல்லிய அளவைப் பாருங்கள். 3 அல்லது 5 மீற்றர் என்று இறங்கும்வரை பொறுத்துப் பிறகு பதியுங்கள். இப்போதுதான் இயக்கிய கருவி 30, 40 மீற்றர் என்று காட்டிக்கொண்டிருக்கும்போது அவசரப்பட்டுப் பதிந்தால், திரும்பி வரும்போது வண்டி பற்றைக்குள் நிற்பதாகக் காட்டும்.

அந்தப் புள்ளிக்குக் கருவி தானாக 001 என்று எண் கொடுக்கும். பல கருவிகளில் தமிழில் எழுதும் வசதி இல்லை. ஆங்கில எழுத்தை ஒவ்வொன்றாகத் தேடித் தட்டிக்கொண்டிருக்கவும் நேரமிராது. நான் எண்ணை அப்படியே விட்டுவிட்டு ஒரு சிறிய கொப்பியில் தமிழில் எழுதிவைக்கிறேன்: 001 வண்டி, துருசடி (குளத்து மதகடி), 002 இரட்டைப் பாலை, தடம் இடப்பக்கம் பிரிகிறது, 003 ஓடை கடக்கும் இடம், மணல், முழங்காலுக்குக் கீழ்த் தண்ணீர், 004 பெரும்புற்று, பழைய கிணறு. பற்றரி முற்றாக இறந்தாலும் கொப்பி வழி சொல்லும். தடம் பிரியும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு புள்ளி கட்டாயம் வேண்டும். போகும்போது ஒன்றாகத் தெரியும் பாதை, திரும்பும்போது இரண்டாகப் பிரிந்து நிற்கும். அந்த இடத்தில் நின்று ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொள்வதும் நல்லது. திரும்பி வரும்போது காணப்போகும் காட்சி அதுதான்.

நான்காம் படி: தடத்தைப் பதிதல், அம்பை நம்பாமை

கருவியில் தடம் பதியும் வசதி உண்டு. நீங்கள் நடக்க நடக்க அது சில செக்கனுக்கு ஒரு புள்ளியாக இட்டுக்கொண்டு வந்து, திரையில் நூல்போல ஒரு கோட்டை வரையும். புறப்படுமுன் பழைய பதிவைச் சேமித்துவிட்டு அழித்து, புதிய தடத்தைத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் சென்ற வாரம் போன கோடும் இன்றைய கோடும் பின்னிக் கிடக்கும். கருவியைப் பையின் அடியில் போடாமல் தோள் வாரில் மேற்பக்கமாக மாட்டுங்கள். ஈரமான இலையும் மனித உடலும் அலையை மறைப்பவை.

திரும்புவதற்கு இரண்டு வழிகளைக் கருவி தரும். ஒன்று, குறித்த புள்ளியை நோக்கி நேர்கோட்டில் அம்பைக் காட்டுவது. மற்றது, வந்த தடத்தையே தலைகீழாகப் பிடித்து அழைத்துவருவது. கார்மின் கருவிகளில் இதற்கு ட்ராக்பாக் என்று பெயர். புதியவர்கள் அம்பையே விரும்புகிறார்கள், ஏனென்றால் அது குறுக்குவழிபோலத் தோன்றும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு நாள், வண்டிக்கு 900 மீற்றர் என்று திரை காட்டியது. வந்த மாட்டுத் தடமோ பெரிதாக வளைந்து போனது. அம்பு காட்டிய பக்கம் இறங்கினேன். முதல் 100 மீற்றர் நன்றாகவே இருந்தது. பிறகு சூரை முள் தொடங்கியது. சட்டையில் ஒரு கொப்பைக் கழற்றினால் முதுகில் இரண்டு கொப்பு பிடித்தது. குனிந்து நுழைந்து, தவழ்ந்து வெளியே வந்தால் எதிரே ஆழமான ஓடை, அதன் அக்கரையிலும் அதே முள். அம்பு மட்டும் ஓடையைப் பாராமல் நேரே காட்டிக்கொண்டிருந்தது. இரண்டு மணித்தியாலம் கழித்துக் கீறலும் இரத்தமுமாக எருமை மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் முன்னால் போய் நின்றேன். கருவியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, உந்த அம்பு காட்டைக் காணேல்லை. மாட்டுத் தடத்தைப் பிடிச்சு வந்திருந்தா இவ்வளவுக்கு வீட்டை போய்ச் சேர்ந்திருப்பாய்.”

அன்றிலிருந்து நான் அம்பைத் தூரம் அறிவதற்கு மட்டுமே பார்க்கிறேன், நடப்பது தடத்தில். திரையைப் பெரிதாக்கி, உங்கள் அடையாளம் பழைய கோட்டின் மேல் இருக்கிறதா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். 10 மீற்றர் விலகிக் காட்டினால் பதற வேண்டாம், அது அடர்காட்டின் பிழையாக இருக்கலாம். விலகல் கூடிக்கொண்டே போனால் மட்டும் நின்று, பின்னோக்கி வந்து கோட்டைப் பிடியுங்கள். திரையைப் பார்த்துக்கொண்டே நடப்பது மட்டும் ஆகாது. பாம்பை மிதிப்பதும் மரவேரில் தடக்கி விழுவதும் அப்போதுதான் நடக்கும். நின்று பாருங்கள்; பார்த்தபின் நடவுங்கள்.

கருவி அறியாதவை

வெட்டவெளியில் 3 முதல் 5 மீற்றர் துல்லியம் எதிர்பார்க்கலாம். அடர்ந்த மரக்கூரையின் கீழ் அது 10, 15 மீற்றர் ஆகும். மழைபெய்து இலை நனைந்த காட்டில் இன்னும் மோசமாகலாம். முக்கியமான இடமொன்றைக் குறிக்க வேண்டுமானால் மரங்களுக்கிடையே வானம் திறந்த ஓரிடத்துக்குப் போய்ச் சில நிமிடம் கருவியை அசையாமல் வைத்துச் சராசரி எடுக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

பருவத்தையும் கருவி அறியாது. ஆடி ஆவணியில் வற்றிய குளத்தின் உள்ளே நடந்து, அலைகரையிலிருந்து (கட்டுக்கு எதிர்ப்புறக் கரை) நேரே கட்டுக்கு வந்த தடத்தை வைத்துக்கொண்டு மார்கழியில் அதே வழி போக நினைத்தால், தடத்தின் பாதி தண்ணீருக்குள் கிடக்கும். கனகராயன் ஆறு, பாலி ஆறு, பறங்கி ஆறு எல்லாம் கோடையில் மணல்; ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தபின் மேலே உள்ள குளங்கள் நிரம்பி வழிந்து வான் பாய்ந்தால் ஒரே இரவில் கடக்க முடியாதவை ஆகிவிடும். கோடையில் பதிந்த தடத்தின் பெயரோடு மாதத்தையும் எழுதிவையுங்கள். மாரியில் அதைத் திறக்கும்போது கை தானாக நிற்கும்.

யானையும் கரடியும் வரைபடத்தில் இல்லை. பாலைப்பழ காலத்தில் ஊரவரும் கரடியும் ஒரே மரத்தைத் தேடி வருவார்கள் என்பதை வெளியூரவர்கள் அறிந்திருப்பது நல்லது. யானை பெரும்பாலும் விடியலிலும் மாலையிலும் குளக்கரைக்கு இறங்கும்; அந்த நேரங்களில் அலைகரையில் நிற்காதபடி நடையைத் திட்டமிடுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது கண்ணிவெடி. 2009இல் போர் முடிந்த பிறகு பெரும்பகுதி நிலம் துப்புரவு செய்யப்பட்டு ஊரவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தாலும், அபாயம் முற்றாக நீங்கவில்லை. கிளிநொச்சி மாவட்டத்தின் வடமுனையிலுள்ள முகமாலை பலரும் அறிந்த பெயர். ஆனால் பெயர் அறியாத காட்டுத் துண்டுகளிலும் வெடிபொருள் கிடக்கலாம். மண்டையோட்டுக் குறியிட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் அதற்கு அப்பால் ஓரடியும் வைக்க வேண்டாம். பலகை இல்லாத இடத்திலும் மாடும் மனிதரும் அன்றாடம் போய்வரும் தடத்தை விட்டு இறங்க வேண்டாம். அம்பைப் பின்பற்றிக் குறுக்கே நடக்காதீர்கள் என்று மேலே அழுத்திச் சொன்னதற்கு முள்ளைவிடப் பெரிய காரணம் இதுதான்.

ஐயத்துக்கிடமான பொருள் எதையாவது கண்டால் தொடாதீர்கள், கிட்டப் போய்ப் படமெடுக்காதீர்கள். நின்ற இடத்திலிருந்தே ஒரு புள்ளியைக் குறித்து, பொருள் எந்தத் திசையில், எத்தனை அடி தூரத்தில் தெரிகிறது என்று கொப்பியில் எழுதி, வந்த காலடித் தடத்திலேயே திரும்புங்கள். இந்த ஒரு சந்தர்ப்பத்தில் ட்ராக்பாக் கோட்டையும் நம்ப வேண்டாம். வீதியில் 5 மீற்றர் பிழை ஒரு பொருட்டன்று. இங்கே ஓரடியும் பெரிது. கண்ணால் காணும் உங்கள் காலடியே வழி. வெளியே வந்ததும் 119 இலக்கத்தில் பொலிசாருக்கு அறிவித்து, ஆள்கூற்றைக் கொடுங்கள்.

அனுமதி குறித்தும் ஒரு வரி. சுண்டிக்குளமும் மடு வீதியும் 2015ஆம் ஆண்டிலிருந்து தேசியப் பூங்காக்கள். அவை வனஜீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளவை. மற்றக் காடுகளில் பெரும்பகுதி வனவளத் திணைக்களத்தின் ஒதுக்கக் காடுகள். உரிய அலுவலகத்தில் கேட்டுக்கொண்டே போக வேண்டும். படைமுகாம் வேலியோரம் கருவியை ஏந்திக்கொண்டு புள்ளி குறித்துத் திரிவது வீண் விளக்கங்களுக்கு இடம் கொடுக்கும்.

ஐந்தாம் படி: திரும்பும் நேரம்

வன்னியில் சூரியன் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய மாலை 5.45க்கும் 6.35க்கும் இடையில் மறைகிறது. மறைந்தபின் அரை மணித்தியாலத்துக்குள் இருட்டிவிடும், காட்டுக்குள் அதற்கும் முன்னே. பெரும்பாலான கருவிகளில் அன்றைய சூரிய மறைவு நேரத்தைக் காட்டும் பக்கம் உண்டு. அதிலிருந்து இரண்டு மணித்தியாலத்தைக் கழியுங்கள். வண்டியடியில் நிற்க வேண்டிய நேரம் அது. போகும்போது மூன்று மணித்தியாலம் நடந்திருந்தால் திரும்பவும் மூன்று மணித்தியாலம் வேண்டும் என்று கணக்கிட்டு, குளம் கண்ணுக்குத் தெரிந்தாலும் அந்த நேரத்துக்கு மூன்று மணித்தியாலம் முன்னதாகவே திரும்புங்கள். தடமுள்ள காட்டில் மணிக்கு 2 கிலோமீற்றரே நல்ல நடை. வெட்டவெளியில் நடக்கும் வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டால் ரோர்ச் வெளிச்சத்தில்தான் வெளியே வருவீர்கள்.

மாற்றுப் பற்றரி நான்கு, நீர் புகாத பையில் சுற்றி வைத்திருங்கள். மாற்றும்போது குனிந்து மடியில் வைத்து மாற்றுங்கள். சருகுக்குள் விழுந்த ஒரு பற்றரியைத் தேடி நான் கால் மணித்தியாலம் முழங்காலில் நின்றிருக்கிறேன்.

உதவி வேண்டிவந்தால்

போகுமுன் எங்கே போகிறீர்கள், எந்த நேரத்துக்கு வருவீர்கள் என்று வீட்டிலும், முடிந்தால் வண்டி நிறுத்திய இடத்துக்கு அருகிலுள்ள கடையிலும் சொல்லிவையுங்கள். யாருக்காவது காயம் பட்டால் சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்து 1990 இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸ் சேவையை அழைக்கலாம். ஆள்கூற்றைச் சொல்லும்போது எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, மறுமுனையில் இருப்பவரைத் திருப்பிச் சொல்லச் செய்யுங்கள்: “வடக்கு, ஒன்பது புள்ளி ஒன்று எட்டு ஐந்து மூன்று பாகை” என்றவாறு. எண்ணோடு நிறுத்தாமல் ஊர் மொழியிலும் சொல்லுங்கள். “குளத்து வலப்பக்கத் துருசிலிருந்து தெற்கே போகும் உழவு இயந்திரத் தடத்தில், இரண்டாவது ஓடை தாண்டி” என்று சொன்னால், தேடிவரும் ஊரவருக்கு அதுவே போதும். எண்ணைத் தட்டிப் பார்க்க அவர்களிடம் கருவி இருக்க வேண்டியதில்லை. சொல்லிவிட்ட இடத்தை விட்டு நகராதீர்கள்.

வீட்டுக்கு வந்தபின்

அன்றைய தடத்தைத் திகதியும் இடமும் தெரியும் பெயரில் சேமித்து, கணினிக்கு மாற்றுங்கள். ஜி.பி.எக்ஸ். என்ற கோப்பு வடிவத்தில் இருந்தால் வேறு கருவிகளும் தொலைபேசிகளும் அதைத் திறக்கும். அடுத்த முறை போகும் நண்பருக்கு அனுப்பலாம். கொப்பியில் எழுதிய குறிப்புகளையும் சேர்த்தே அனுப்புங்கள், 003 என்ற எண்ணுக்குக் கீழே முழங்காலளவு தண்ணீர் என்று இருப்பது அவருக்குத் தெரிய வேண்டும். ஆனால் யானைக் கூட்டம் நின்ற இடத்தையோ பறவைகள் கூடு கட்டியிருந்த இடத்தையோ குறித்த புள்ளிகளைப் பொதுவில் பகிர வேண்டாம். வேட்டைக்காரரிடமும் கருவி இருக்கிறது.

உப்புக்காற்றுள்ள கொக்கிளாய், நாயாறு, நந்திக்கடல் பக்கம் போய்வந்தால் கருவியை ஈரத்துணியால் துடைத்து, பற்றரி மூடியைத் திறந்து உலரவிடுங்கள். அடுத்த பயணம் ஒரு மாதத்துக்கு மேல் தள்ளியிருந்தால் பற்றரிகளைக் கழற்றியே வையுங்கள். உள்ளேயே விட்டு அவை கசிந்தால் உலோகத் தகட்டில் வெள்ளையாகப் பூத்துப் பிடிக்கும். வினாகிரி தொட்ட பஞ்சால் துடைத்தால் சிலவேளை சரிவரும், சிலவேளை வராது.